பத்து லிட்டர் தூரம்

தாலியைப் பந்தயம் வைத்துக் காரில் ஏறப்போகிறாள் என்று அமிர்தத்தைப் பற்றித் தெருவே பேசியது. பேசட்டும். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

போன புரட்டாசியில், இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலை மறியல் நடந்த அந்த வாரத்தில், அவள் கணவன் தமிழரசன் தன் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனான். கரியாலூருக்கு ஒரு சவாரி என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆள் திரும்பவில்லை. மறுநாள் கோமுகி அணைக்குப் பக்கத்தில் கார் மட்டும் நின்றது. கதவெல்லாம் சாத்தியிருந்தது. டாங்கியில் பெட்ரோல் இல்லை.

போலீஸ் தேடியது. சொந்தக்காரர்கள் தேடினார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது மாமியார் கொளஞ்சியம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

"வர்ற மகாளய அமாவாசைக்கிக் காரியத்தப் பண்ணிடணும். என் புள்ள பசியோட சுத்திக்கினு இருக்கான். சாயங்காலம் ஆனா கொட்டாயில வண்டி எடுக்கற சத்தம் கேக்குது எனக்கு. ரெண்டு வாட்டி இழுக்குது, நின்னுடுது."

"பேட்டரியக் கழட்டி வெச்சி ஒரு வருசம் ஆவுது, அத்தை."

"அதத்தான்டி நானும் சொல்றேன்."

காரியம் என்றால் பூவும் பொட்டும் போகும். தாலியும் போகும். செத்ததை யாருமே பார்க்காத ஒருவனுக்காக!

யோசித்து யோசித்துத்தான் அவள் அதைச் சொன்னாள்.

"அன்னிக்கிப் பங்க்கெல்லாம் காலி. காஞ்ச டாங்கியில கேன்ல இருந்த பத்து லிட்டர ஊத்தினது நான்தான். 'இது போதும் அமிர்தம், மல ஏறி எறங்கி வூட்டுக்கு வந்து சேந்துடும்'னு சொன்னாரு. அதே பத்து லிட்டர ஊத்தி அதே வழியில போய்ப் பாக்கறேன். வண்டி வூடு வந்துட்டா, அவரு சொன்னது நெசம். வழியில அவருக்கு வேற இன்னாவோ நடந்திருக்குது. நான் காத்துக்கினு இருப்பேன்."

"வராம நின்னுட்டா?"

"நின்னுட்டா, நீங்க எல்லாரும் சொல்றதுதான். பெட்ரோல் தீந்துபோச்சி, எறங்கி நடந்தாரு, அந்தக் கலாட்டாவுல எங்கியோ முடிஞ்சிட்டாரு. நானே கழட்டிக் குடுத்துடறேன் அத்தை. ஒருத்தரும் கைய வெக்க வேணாம்."

கொளஞ்சியம்மாள் சின்ன மகன் வெற்றிவேல் பக்கம் திரும்பினாள்.

"வெற்றி, வண்டிய நீ ஓட்டு."

"நானாம்மா?"

"அண்ணன் வண்டிய வேற எவன் ஓட்டுவான்?"

வெற்றிவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

*

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டுப் பட்டறையில் மெக்கானிக் பச்சமுத்து காலையிலேயே எல்லாம் தயாராக வைத்திருந்தார். டாங்கியை அடியில் திறந்து வடித்துவிட்டு, பேட்டரியை மாட்டி, பிளக்கை மாற்றி, காற்றுப் பிடித்து வைத்திருந்தார்.

"லிட்டருக்கு எவ்ளோ தூரம்ணே குடுக்கும்?" என்று அமிர்தம் கேட்டாள்.

"யாரக் கேக்கற? விக்கறவனக் கேட்டா பன்னெண்டும்பான். வாங்க வந்தவன் ஏழும்பான். சவாரி வர்றவன் கிட்ட அஞ்சுதான்னு நம்ம ஆளே அழுவான்." பச்சமுத்து சிரித்தார். "பெட்ரோல் முள்ளு செத்துப் பல காலம் ஆச்சு. அளந்து ஊத்தி, காஞ்சி நிக்கற வரைக்கும் ஓட்டிப் பாக்கறதுதான் நெசக் கணக்கு. அதுவும் ரோட்டுக்கு ரோடு மாறும். மல ஏறினா வண்டி குடிக்கும், அத ஒண்ணும் பண்ண முடியாது. எறங்கும்போது குடிக்குது பாரு, அது வண்டி குடிக்கறது இல்ல. ஓட்டறவன் குடிக்கறது."

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"போய்ட்டு வா. தானே தெரியும்."

புனலை வைத்து அமிர்தமே ஊற்றினாள். கொஞ்சம் சிந்தியது.

"சிந்தினது கணக்குல வராதே!" என்று பதறினாள்.

"அன்னிக்கும் சிந்தியிருப்ப, வுடும்மா."

பின்கதவுப் பக்கம் போனவளை வெற்றிவேல் அவசரமாகத் தடுத்தான்.

"முன்னால ஒக்காருங்க அண்ணி."

"எனக்கு முன்சீட்டு ஒத்துக்காது தம்பி. அனல் அடிக்கும்."

"பின்னால வேணாம்."

அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அமிர்தம் முன்னாலேயே ஏறிக்கொண்டாள். ஏறியதும் இன்னொன்றையும் கவனித்தாள். பின்னால் பார்க்கிற கண்ணாடியை அவன் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான்.

*

கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பும் நெல்லும் மாறி மாறி வந்தன. ரோட்டோரத்தில் மறியலின்போது வெட்டிச் சாய்த்த புளியமரங்களின் மொட்டைக் கட்டைகள். ஒரு வருட மழையில் கட்டைகளைச் சுற்றிலும் சிவப்பாகத் துளிர் விட்டிருந்தது.

"அந்த வாரம் முழுக்க நீ களமருதூர்லதான இருந்த?" என்று அமிர்தம் கேட்டாள், ஏதாவது பேசவேண்டுமே என்று.

"ஆமாம் அண்ணி. பெரியம்மா வூட்டுல."

"நல்ல வேள. இங்க இருந்திருந்தா உன்னையும் புடிச்சிக்கினு போயிருப்பாங்க."

அவன் கியரை மாற்றினான்.

அணை வந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. போன வருடம் கார் நின்றிருந்த இடத்துப் புளியமரத்தை, வெட்டுப்படாமல் தப்பிய அந்த ஒற்றை மரத்தை, அமிர்தம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெற்றிவேல் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

பிறகு ஏற்றம். வளைவுக்கு வளைவு என்ஜின் முனகியது. மதியம்தான் ஆகிறது, ஆனால் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மேகம் மரங்களுக்குள் இறங்கி வந்து ரோட்டில் படுத்திருந்தது. கார் அதற்குள் புகுந்ததும் முன்பக்கத்தைத் தவிர உலகமே இல்லாமல் போயிற்று.

கரியாலூரில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கடைக்காரி பாப்பாத்தி கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள்.

"ஊம வண்டி! இது ஊம வண்டிதான?"

"இன்னாது?"

"நாங்க அப்பிடித்தாம்மா சொல்லுவோம். வேற வண்டிங்க எறங்கினா மல முழுக்க சத்தம் போடும். இது மட்டும் ஊமையா எறங்கும். என் கடையத் தாண்டினதும் அந்த அண்ணன் என்ஜின அணைச்சிடுவாரு. கழனியில குனிஞ்சி வேல செய்யறவங்க நிமிந்து பாத்தா, பக்கத்துல வந்துக்கினு இருக்கும். எங்க புள்ளைங்க மரத்துக்குப் பின்னால ஓடி ஒளியும்."

அமிர்தத்துக்குச் சட்டென்று நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் இந்த இறக்கத்தில் அவன் சாவியைத் திருப்பிவிட்டு, 'இப்போ கேளு' என்றான். சக்கரத்துக்கடியில் சரளை நெரிகிற சத்தம். காற்று. அவ்வளவுதான். 'மலக்காரங்க ரோடு நமக்கு ஓசியா ஓட்டிக் குடுக்குது பாரு' என்று சிரித்தான்.

"அன்னிக்கி அவரு மேல வந்தத நீங்க பாத்தீங்களா?"

"அந்த வாரம் இங்க யாரும்மா வெளிய வந்தா? கீழ அடிதடின்னு சொன்னாங்க. கதவச் சாத்திக்கினு கெடந்தோம்." பாப்பாத்தி எட்டி வெற்றிவேலைப் பார்த்தாள். "தம்பி டீ குடிக்கலையா?"

அவன் காரை விட்டு இறங்கவே இல்லை.

*

இறக்கம் ஆரம்பித்தது.

"தம்பி, இங்க அணைச்சிடு."

"வேணாம் அண்ணி."

"உங்க அண்ணன் அணைச்சிட்டுத்தான் எறங்குவாரு. நீ ஓட வெச்சா கணக்குத் தப்பாப் போவும் இல்ல?"

"பிரேக்கு மட்டும் நம்பி எறங்க எனக்குத் தெரியாது."

"மெதுவாப் போயேன். நடக்கற வேகத்துல போ."

"முடியாது அண்ணி."

கார் தாழ்ந்த கியரில் அலறிக்கொண்டு இறங்கியது. பெட்ரோல் வாடை உள்ளே வந்தது. ஒவ்வொரு அலறலுக்கும் டாங்கிக்குள் ஒரு மடக்கு குறைவது போல அமிர்தத்துக்கு இருந்தது.

"என் தாலி உன் காலடியில இருக்குது தம்பி. கெஞ்சிக் கேக்கறேன். அணை."

வெற்றிவேலுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டியது போல இருந்தன.

"எனக்குச் சத்தம் வேணும் அண்ணி. சத்தம் நின்னா..."

"நின்னா?"

"பின்னால பேச்சு கேக்கும்."

அமிர்தம் திரும்பிப் பார்த்தாள். காலி சீட்டு. மேகத்தின் ஈரம் கண்ணாடி வழியாக வந்து ரெக்சின் மேல் மங்கலாகப் படிந்திருந்தது. அவள் கழுத்தில் மயிர் சிலிர்த்தது.

"யாரு பேச்சு?"

வெற்றிவேல் ஹாரனை அழுத்தியபடியே அடுத்த வளைவைத் திருப்பினான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

மலை முடிந்தது. மேகம் மேலேயே நின்றுவிட்டது. வெயில் பளிச்சென்று முகத்தில் அடித்தது. சமதளத்தில் கார் சீராக ஓடத் தொடங்கியதும் அமிர்தத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இன்னும் ஓடுகிறது. ஊர் போய்விடுமோ?

அணை தெரிந்தது. வெற்றிவேல் காரை இடது பக்கமாக ஒடித்தான்.

"ஏன் தம்பி ஓரம் கட்டற?"

அவள் கேட்டு முடித்த பிறகுதான் என்ஜின் இருமியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. வண்டி குலுங்கி, உருண்டு, அந்த ஒற்றைப் புளியமரத்தின் நிழலுக்குள் போய் நின்றது.

போன வருடம் நின்ற அதே இடம். நாலு அடி முன்னே பின்னே இருக்கலாம்.

சத்தமெல்லாம் அடங்கிற்று. சூடான இரும்பு சுருங்குகிற டிக் டிக் மட்டும் கேட்டது.

"பாத்தீங்களா அண்ணி?" வெற்றிவேலின் பல் தந்தியடித்தது. "அண்ணன்தான் நிறுத்தறான். இந்த எடத்தத் தாண்ட வுட மாட்டேங்கறான். அம்மா சொன்னது நெசம்தான். காரியத்தப் பண்ணிடலாம் அண்ணி. அவன் அடங்கட்டும்."

அமிர்தத்தின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பந்தயத்தில் தோற்றாயிற்று. வண்டி வழியில் நின்றுவிட்டது. கயிற்றைப் பிடித்தபடி அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒருவரும் இல்லை. இலைகூட அசையவில்லை.

ஏன் இங்கே? ஏன் சரியாக இங்கே?

"தம்பி, உங்க அண்ணன் அணைச்சி எறங்கியிருந்தா பெட்ரோல் மிச்சம் ஆயிருக்கும். வண்டி ஊரு வந்திருக்கும். அவரு கணக்குத் தப்பாது."

வெற்றிவேல் சாவியைத் திருப்பிப் பார்த்தான்.

"அணைக்காம எறங்கினாத்தான் இங்க நிக்கும். இன்னிக்கி நீ எறங்கின மாதிரி."

"அண்ணி, வூட்டுக்குப் போலாம்."

"அன்னிக்கி மலயிலேர்ந்து வண்டிய எறக்கினது அவரு இல்ல. என்ஜின அணைக்கப் பயந்த ஒரு ஆளு. இருமறதுக்கு முன்னாலயே ஓரம் கட்டினியே, அது எப்படித் தெரிஞ்சிது உனக்கு?"

வெற்றிவேல் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். பேச ஆரம்பித்தபோது அவன் குரல் சின்னப் பையன் குரல் போல வந்தது.

"நான் களமருதூர் போவல. போலீசு தேடுதுன்னு கரியாலூர் பக்கம் ஒளிஞ்சிக்கினு இருந்தேன். அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். என்னக் கூட்டிக்கினு வரத்தான் வந்தான். சவாரின்னு சொன்னது பொய்."

"அப்புறம்?"

"ஜீப்பு மேல வரக்கூடாதுன்னு நாங்க ரோட்டுக்குக் குறுக்கால ஒரு மரத்த வெட்டிப் போட்டிருந்தோம். அண்ணன் எறங்கி வந்து என்கூட சேந்து அதத் தள்ளினான். உருண்டுடுச்சி. அவன் நெஞ்சு மேல..." அவன் மூச்சை இழுத்தான். "அந்த மரம் நான் வெட்டினது அண்ணி. அதான் யாருகிட்டயும் சொல்லல."

அமிர்தம் அழவில்லை. அழுகை எங்கேயோ தூரத்தில் நின்றது.

"உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சி. தூக்கிப் பின்சீட்டுல படுக்க வெச்சேன். எனக்கு அப்போ அரகொறயாத்தான் ஓட்டத் தெரியும். வளவுக்கு வளவு சொல்லிக்கினே வந்தான். 'அணைடா வெற்றி, பெட்ரோல் பத்தாதுடா, அணைடா.' பயத்துல நான் அணைக்கல. இங்க வந்து நின்னுடுச்சி. காத்து வரட்டும்னு பின்கதவத் தொறந்து வுட்டுட்டுக் கச்சிராயபாளையத்துக்கு ஓடினேன். ஒருத்தன்கிட்டயும் பெட்ரோல் இல்ல. வண்டியும் இல்ல. ஒரு கட்ட வண்டியாவது கெடைக்குதான்னு அலைஞ்சிட்டுத் திரும்பி வந்தா..."

"வந்தா?"

"உள்ள யாரும் இல்ல அண்ணி. கதவு சாத்தியிருந்துச்சி."

"நல்லா நெனச்சி சொல்லு. நீ தொறந்து வெச்சிட்டுப் போன கதவா?"

"ஆமாம். எடது பக்கம். பின்கதவு."

அமிர்தம் இறங்கினாள். இடது பின்கதவைத் திறந்துவிட்டுக் கையை எடுத்தாள். கீல் தேய்ந்து போன கதவு, ஒரு பக்கமாகத் தொங்கி நின்றது. உள்ளே உட்கார்ந்து இழுத்தால் மூடாது. சவாரிக்கு வருகிறவர்கள் அறைந்து அறைந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். வெளியே நின்று, அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளவேண்டும். தமிழரசன்தான் ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து மூடுவான்.

அவள் அப்படியே செய்தாள். கதவு சத்தமில்லாமல் பொருந்தியது.

"அவரால எழுந்திருக்க முடிஞ்சிதா?"

"கையத் தூக்கவே முடியல அண்ணி."

"அப்போ இத யாரு இப்பிடிச் சாத்தினது?"

வெற்றிவேல் இறங்கி வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். கதவைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

ஒரு வருடமாக அமிர்தம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: இருக்கிறானா, இல்லையா? செத்துப்போயிருந்தால் அழுவதற்கு மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தாள். இப்போது வந்து நிற்பது வேறு. வண்டியை நன்றாகத் தெரிந்த ஒருவன் இந்த இடத்தில் நின்று, அவசரப்படாமல், கதவைத் தூக்கிச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். அது தமிழரசன் என்றால் ஏன் வீட்டுக்கு வரவில்லை? அவன் இல்லை என்றால், அவனைத் தூக்கிக்கொண்டு போனது யார்?

"நீ கச்சிராயபாளையம் பக்கம்தான ஓடின?"

"ஆமாம்."

"திரும்பி வரும்போது எதிர்ல யாராச்சும்?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

"அப்போ இந்தப் பக்கம் யாரும் போவல. மேலதான் போயிருக்கணும்."

அவள் மலையைப் பார்த்தாள். பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது.

தூரத்தில் ஹாரன் கேட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற பஸ், கூரையில் மூட்டைகளோடு ஆடி ஆடி வந்தது. அமிர்தம் ரோட்டுக்கு நடுவில் போய்க் கையைக் காட்டினாள்.

"அண்ணி! எங்க போறீங்க? அம்மாகிட்ட நான் இன்னா சொல்றது?"

"வண்டி நின்னுடுச்சின்னு சொல்லு. அது நெசம்தான?"

"தாலி விசயம் கேட்டா?"

"நான் வந்து பதில் சொல்றேன்னு சொல்லு. நான் வர்ற வரைக்கும் அமாவாசைக்கி ஒரு சாமானும் வாங்க வேணாம்."

அவள் ஏறியதும் பஸ் நகர்ந்தது. கண்டக்டர் கூட்டத்துக்குள் நெளிந்து வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

அமிர்தம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தாள்.

"கரியாலூரா, வெள்ளிமலையா? சொல்லும்மா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"ரோடு எங்க முடியுதோ," என்றாள் அமிர்தம், "அங்க ஒண்ணு குடுங்க."